மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்: வீட்டுக் கொட்டிலில் நடந்த ஒரு மீளமைப்பின் நிகழ்வு ஆய்வு

நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த காரொன்றை மீட்க முனைபவர்களில் பெரும்பாலோர் எஞ்சினில்தான் முதலில் கை வைக்கிறார்கள். ஒருமுறை ஸ்ராட் எடுத்துவிட்டால் மிச்ச வேலை தானாக நடக்கும் என்ற நம்பிக்கையோடு பற்றறியையும் பெற்றோலையும் கொண்டுபோகிறார்கள். சில நாட்களில் புகை கக்கியபடி ஓடும் ஓர் எஞ்சினும், அதைத் தாங்க வலுவில்லாத உக்கிய உடலும் கையில் மிஞ்சுகின்றன. ஆர்வம் தணிந்ததும் கார் மறுபடி அதே கொட்டிலில் மூடிவைக்கப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இப்படிப் பாதியில் நின்றுபோன மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். இங்கே விபரிக்கப்படுவது அந்த வரிசையை மாற்றி, முதலில் உடல், அடுத்து சில்லுகளும் பிரேக்கும், அதன்பின்னரே எஞ்சின் என்று திட்டமிட்டுச் செய்யப்பட்ட ஒரு மீளமைப்பு. மைனர் போன்ற, தனியான சட்டகம் இல்லாத கார்களுக்கு இதைத் தவிர வேறு வரிசை பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை இந்த ஒரு காரை வைத்தே காட்ட முயல்கிறேன்.

காரும் அதன் வரலாறும்

இது 1958ஆம் ஆண்டைச் சேர்ந்த, நான்கு கதவுகளையுடைய மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் லண்டன் ஏள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டபோது அதில் 918 கன சென்ரிமீற்றர் பக்கவால்வு எஞ்சின் இருந்தது. 1952இல் ஒஸ்ரின் நிறுவனத்தோடு ஏற்பட்ட இணைப்பின் பயனாக 803 கன சென்ரிமீற்றர் ஏ-சீரீஸ் எஞ்சின் வந்தது. 1956இல் அது 948 ஆக உயர்த்தப்பட்டு, இரண்டாகப் பிரிந்திருந்த முன்கண்ணாடியும் ஒரே வளைந்த கண்ணாடியாக மாறியபோது மைனர் 1000 என்ற பெயர் ஏற்பட்டது. ஒக்ஸ்போர்டை அடுத்த கௌலியில் உருவாகிக் கப்பலேறி வந்த இந்தக் கார்கள் அக்காலத்து இலங்கையில் ஆசிரியர்கள், மருத்துவர்கள், எழுதுவினைஞர்கள் ஆகியோரின் குடும்பக் கார்களாக இருந்தன. எமது காரும் குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியான வடமராட்சியில் ஓர் ஆசிரியர் குடும்பத்தில் இருந்ததுதான். ‘1 ஸ்ரீ’ என்று தொடங்கும் அதன் பதிவிலக்கத் தகடு, பூச்சு உரிந்த நிலையிலும், பின்புறத்தில் அப்படியே இருந்தது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதையடுத்துக் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்றுபோனபோது, இங்கிருந்த பழைய கார்கள் ஏறத்தாழ எல்லாமே மண்ணெண்ணெய்க்கு மாறின. அந்த மண்ணெண்ணெயும் எளிதில் கிடைத்ததில்லை. எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் வாயில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடாகியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறையை அந்தத் தலைமுறையில் கார் வைத்திருந்தோர் எல்லோரும் அறிவர். புதிய யப்பானிய கார்கள் அதைச் சகித்துக்கொள்ளவில்லை; ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்றவை சகித்துக்கொண்டன. இந்தக் கார் 1995 ஒக்ரோபர் இறுதியில் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்திலிருந்து மக்கள் பெயர்ந்து வந்தபோதும் ஓடியிருக்கிறது. அடுத்த ஆண்டில் பிரேக் முற்றாக இறங்கியதால் கிடுகுக் கொட்டிலில் நிறுத்தப்பட்டு, அதன் பிறகு எடுக்கப்படவேயில்லை. கடலிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில், ஒரு பக்கம் திறந்த கொட்டிலில், மணல் தரையில் அது நின்றது. இந்தத் தகவல்கள் முக்கியமானவை. பிற்பாடு கண்ட ஒவ்வொரு பழுதுக்கும் இவற்றில் ஒன்று காரணமாக இருந்தது.

வேலை நடந்த கொட்டில்

வீட்டு வளவில் வேலை செய்வோருக்கு உயர்த்தியோ தூசு புகாத வர்ணக்கூடமோ கிடைப்பதில்லை. எமது கொட்டிலில் தகரக் கூரை, சீமெந்துத் தரை, ஒரு சாதாரண வீட்டு மின்னிணைப்பு, ஒரு சிறிய வாயு வெல்டிங் இயந்திரம், கைக்கருவிகள் ஆகியவைதான் இருந்தன. இவற்றில் ஒன்றைப் பணயம் வைக்கக்கூடாது என்றால் அது தரைதான். சட்டகம் இல்லாத காரின் அடிப்பகுதியை வெட்டி ஒட்டும்போது கார் நிற்கும் நான்கு தாங்கிகளும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால், உள்ள கோணலையே நிரந்தரமாக்கி ஒட்டிவிடுவோம். ஆகவே தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து, தாங்கிகளின் அடியில் தகடுகள் வைத்துச் சமப்படுத்திய பிறகே காரை ஏற்றினோம்.

இரண்டாவது கட்டுப்பாடு காலநிலை. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை ஒக்ரோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும் இப்பகுதியில், காலையில் தேய்த்து வெளுத்த இரும்பு மறுநாள் செம்மஞ்சளாகிவிடும். அந்த மாதங்களில் உடல் வேலையை நிறுத்தி, கழற்றிய உறுப்புகளை மேசையில் வைத்துச் செய்யும் வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். மற்ற மாதங்களிலும் அன்றைக்கு வெளுத்த இரும்புக்கு அன்று மாலையே அடிப்பூச்சு என்பது மீறப்படாத விதியாக இருந்தது.

முதற் பரிசோதனை

கார் வந்து சேர்ந்ததும் ஒன்றும் கழற்றப்படவில்லை. முதலில் படங்கள் எடுத்தோம், பிறகு அளந்தோம். கதவுகளைச் சுற்றியுள்ள இடைவெளிகளே மைனரின் உடல்நிலையை அறிய மிகவும் நம்பகமான வழி. வலப்பக்கத்தில் முன்கதவின் மேல்மூலையில் இடைவெளி ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. கீழே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தது. நான்கு சில்லுகளில் நிற்கும் ஒரு பெட்டி நடுவில் தொய்யும்போது மேற்பகுதி நெரிபட்டுக் கீழ்ப்பகுதி இழுபடும் என்பதால், இந்த ஒரு காட்சியே கதவின் அடியிலுள்ள சட்டம் செயலிழந்துவிட்டது என்பதைக் காட்டியது. அடியில் முன்சில்லைத் தாங்கும் கீழ்க்கையின் ஆணிக்கும் பின் வில்லின் முன்கண்ணுக்கும் இடையே இரு பக்கமும் அளந்தபோது, வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட 5 மில்லிமீற்றர் நீண்டிருந்தது. அந்த அளவை கதவு சொன்னதை உறுதிப்படுத்தியது.

அடுத்தது சிறு சுத்தியலும் கூரான திருப்புளியும். நல்ல தகடு தட்டும்போது கணீரென்று ஒலிக்கும். உக்கிய தகடு மங்கலாக ஒலிக்கும். திருப்புளி உள்ளே போகும். காற்றுப்பட்ட வலப்பக்கம் முழுவதும் இடப்பக்கத்தைவிட மோசமாக இருந்தது. இரண்டு கதவடிச் சட்டங்களும், முன் இருக்கைகளின் அடியில் செல்லும் குறுக்குச் சட்டத்தின் இரண்டு முனைகளும், வலப் பின் வில்லின் முன்பிடியும், இறப்பர் விரிப்பின் கீழிருந்த தரையும் உக்கியிருந்தன. கூரை, கதவுத் தூண்கள், பொனற், எஞ்சினறையைப் பிரிக்கும் முன் தீச்சுவர் ஆகியவை நல்ல நிலையில் இருந்தன. கதவுகளின் உள்மட்டைகளைக் கறையான் முற்றாகத் தின்றிருந்தது. இருக்கைகளில் எலிக்கூடு இருந்தது.

குறுக்குச் சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஆய்வின் மையக் கருத்து அதில்தான் தங்கியிருக்கிறது. மைனரின் முன்சில்லுகளுக்குச் சுருள்வில்லோ இலைவில்லோ கிடையாது. முன் கீழ்க்கையிலிருந்து பின்னோக்கிச் செல்லும் நீண்ட உருக்குக் கம்பி, அதாவது ரோர்ஷன் பார், முறுகி மீள்வதன் மூலம் வில்லாகச் செயற்படுகிறது. அதன் பின்முனை இந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. காரின் முன்பாரம் முழுவதும் இரண்டு கம்பிகள் வழியாக வந்து இந்தச் சட்டத்தை முறுக்க முயல்கிறது. முனைகள் உக்கிய ஒரு குறுக்குச் சட்டத்தோடு இந்தக் காரை ஓட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. எஞ்சினை முதலில் ஓடவைத்திருந்தால், அடுத்த வாரமே யாராவது அதை ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார்கள். ஆகவே எஞ்சின் கையாலும் சுற்றப்படாமல் அப்படியே விடப்பட்டது.

கதவடிச் சட்டங்கள்

மைனரின் கதவடிச் சட்டம் வெளித்தகடு, உட்தகடு, கீழிருந்து இவற்றைப் பூட்டும் பெட்டித்தகடு ஆகியவற்றால் ஆன ஒரு நீள்பெட்டி. வெளித்தகட்டை மட்டும் மாற்றி வர்ணம் பூசினால் கார் அழகாகிவிடும். உள்ளே பெட்டி இல்லாமலே இருக்கும். இலங்கையில் விற்பனைக்கு வரும் ‘முழுதாகச் செய்யப்பட்ட’ மைனர்களில் நான் முதலில் விரல்விட்டுப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

தகர வேலைக்கு உதவிய மூத்த ரிங்கரிங் வேலையாளர் ஒருவர் இங்கே மிகவும் பெறுமதியான ஆலோசனை ஒன்றைத் தந்தார். உடலை இலேசாக்குவதற்காகக் கதவுகளைக் கழற்றுவோமா என்று கேட்டபோது, “தம்பி, கதவைக் கழட்டாதையுங்கோ. கதவு நிக்கேக்கதான் நாங்கள் சரியாப் போறமோ எண்டு தெரியும்” என்றார். கதவுகள் அவற்றின் பிணைச்சல்களில் இருக்கும்வரை அவையே அளவுகோல்கள். ஆகவே கதவுகளை விட்டுவிட்டு, உட்பக்கமாகத் தூணுக்குத் தூண் கோண இரும்புச் சட்டங்கள் பொருத்தினோம். நடுத்தூணின் கீழ் நீண்ட பலகை ஒன்றை வைத்து ஜக்கினால் சிறிது சிறிதாக உயர்த்தினோம். வலப்பக்கக் கதவின் மேல்மூலை திறந்து, சுற்றிலும் இடைவெளி சீராக வந்த நிலையில், அடியில் எடுத்த அளவும் இடப்பக்கத்தோடு ஒத்துவந்தது. அப்போதுதான் கோண இரும்புகள் இறுக்கப்பட்டன; அப்போதுதான் முதல் வெட்டு விழுந்தது.

வெட்டும்போது ஒரு பக்கம் முழுவதும் முடியும்வரை மறுபக்கத்தைத் தொடவில்லை. பெட்டித்தகடுகளும் குறுக்குச் சட்ட முனைகளும் 1.6 மில்லிமீற்றர் தகட்டிலும், வெளித்தகடும் தரையும் 1 மில்லிமீற்றர் தகட்டிலும் வளைத்துச் செய்யப்பட்டன. தொழிற்சாலையில் புள்ளி ஒட்டு இருந்த இடங்களில் மேற்தகட்டில் 6 மில்லிமீற்றர் துளையிட்டு, துளையை நிரப்பி ஒட்டினோம்; இதைச் சரியாகச் செய்தால் பழைய புள்ளி ஒட்டைவிட வலுக் குறைவாக இருக்காது. நீண்ட கோடாக ஒட்டினால் தகடு சூட்டில் நெளியும் என்பதால் இரண்டு சென்ரிமீற்றர் ஒட்டி, தள்ளிப்போய் இன்னோர் இடத்தில் ஒட்டி, ஆறவிட்டுத் திரும்பி வரும் முறை பின்பற்றப்பட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு கதவு திறந்து மூடிப் பார்க்கப்பட்டது. பெட்டி மூடப்படுமுன் உட்பரப்புக்குத் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சும், எல்லாம் முடிந்தபின் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயும் செலுத்தப்பட்டன. கீழேயுள்ள வடிகால் துளைகளைப் புதிய தகட்டிலும் அதே இடங்களில் வைத்தோம். அந்தத் துளைகள் அடைபட்டு உள்ளே நீர் நின்றதுதான் பழைய தகடுகள் உள்ளிருந்து உக்கியதற்குக் காரணம். வெளியில் பூசியிருந்த தடித்த தார்ப்பூச்சு அதை இத்தனை காலம் மறைத்துமிருந்தது.

ஆயத்தத் தகடுகளை வாங்கியிருக்கலாமே என்று கேட்கப்படலாம். மைனருக்கான உடற்தகடுகள் இன்றும் உலகில் கிடைக்கின்றன. 1990களிலிருந்து இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மைனர் நிலையம் ஒன்றுக்காக அத்தகடுகள் இலங்கையிலேயே செய்து அனுப்பப்பட்டன என்பது இங்குள்ள பலருக்கும் தெரியாத, நாம் பெருமைப்படத்தக்க செய்தி. ஆயினும் சட்டப்பெட்டியின் தகடுகள் நேர்வளைவுகளால் ஆனவை. மடிப்பு இயந்திரம் உள்ள எந்தத் தகரக் கடையிலும் அவற்றைச் செய்விக்கலாம். பணத்தை வளைவு மிகுந்த முன்சிறகுகளுக்குச் சேமித்துவைப்பது அறிவுடைமை.

எஞ்சின் காட்டிய சான்றுகள்

உடல் வேலையும், பின்னர் விபரிக்கப்படும் சில்லு, பிரேக் வேலைகளும் முடிந்து, கார் தன் சில்லுகளில் நின்றபோது கதவுகள் ஒற்றை விரலால் மூடின. அதன்பின்னர் எஞ்சின் இறக்கப்பட்டது.

எஞ்சின் இலக்கத்தின் முன்னெழுத்துகள் 9எம்-யூ-எச் என்றிருந்தன. ஒன்பது என்பது 948ஐயும், எம் என்பது மைனரையும், இறுதி எழுத்து உயர் அமுக்கத்தையும் குறிக்கும். தரம் குறைந்த எரிபொருள் விற்ற நாடுகளுக்காக ‘எல்’ என்ற எழுத்தோடு தாழ் அமுக்க எஞ்சின்களும் செய்யப்பட்டன. முன்னதன் அமுக்க விகிதம், அதாவது பிஸ்ரன் கீழே இருக்கும்போது சிலிண்டரிலுள்ள முழு இடத்துக்கும் மேலேறியதும் மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம், 8.3; பின்னதன் விகிதம் 7.2. இந்த எஞ்சின் 8.3 உடன் பிறந்தது. ஆனால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கியபோது, கசிவைத் தடுக்க ஒன்று மட்டும் வைக்கப்படும் கஸ்கற் தகடு, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருந்தது.

அவ்வாறு வைத்தவர் என்ன செய்தார் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 948ஐ நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 237 கன சென்ரிமீற்றர், விகிதம் 8.3 ஆக இருக்க, பிஸ்ரனின் மேல் மிஞ்சும் இடம் ஏறக்குறைய 32.5 கன சென்ரிமீற்றர். இறுகிய நிலையில் 0.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள இன்னொரு கஸ்கற், 62.9 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிண்டருக்கு மேல் ஏறக்குறைய 2.5 கன சென்ரிமீற்றர் இடத்தைக் கூட்டும். விகிதம் 7.8 அளவுக்கு இறங்கும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் பெற்றோலை விட மிகவும் தாழ்ந்தது. கூடிய அமுக்கத்தில் அது காலத்துக்கு முந்தி வெடித்து எஞ்சினைத் தட்டவைக்கும். கடைகளில் எதுவும் கிடைக்காத நாட்களில், பழைய கஸ்கற் ஒன்றைத் தேடியெடுத்து இதைச் செய்த மெக்கானிக்கின் அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். தீப்பொறி நேரமும் பின்தள்ளப்பட்டிருந்தது. எஸ்யூ காபரேற்றரின் ஜெட் கீழிறக்கப்பட்டுக் கலவை கனமாக்கப்பட்டிருந்தது. றேடியேற்றரின் முன்புறத்தில் கம்பியால் கட்டப்பட்ட தகரத் துண்டொன்று, எஞ்சினைச் சூடாகவே வைத்திருப்பதற்காக, பாதிப் பரப்பை மறைத்திருந்தது. இவை ஒவ்வொன்றும் காரணத்தோடு செய்யப்பட்டவை.

ஏ-சீரீஸ் எஞ்சின் இந்த மாற்றங்களுக்கு இடம்கொடுத்ததற்கும் காரணம் உண்டு. அதில் காற்றும் எரிபொருளும் உள்ளே செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டபடி அமைந்திருக்கின்றன. குளிர்நாட்டில் பெற்றோல் ஆவியாவதற்கு உதவ வைக்கப்பட்ட அந்தச் சூட்டிடம், இங்கே மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. எஸ்யூ காபரேற்றரில் ஜெட்டின் உயரத்தைக் கையாலேயே மாற்றலாம் என்பதும் பேருதவியாக இருந்தது.

இவற்றுக்கான விலையை எஞ்சினின் உட்பகுதி செலுத்தியிருந்தது. பிஸ்ரன்களின் தலையிலும் எரியறையிலும் கரி தடித்த ஓடாகப் படிந்திருந்தது. அது மிகவும் தடித்திருந்த இடம், இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நடுப் புகைவாயில். அந்த எஞ்சினில் எப்போதும் அதிகம் சூடாகும் இடமும் அதுவே. முழுதும் எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டி வடிந்து ஒயிலை நீர்க்கச் செய்ததால், கிராங்கின் பெயாரிங் ஓடுகள் அடியுலோகம் தெரியும்வரை தேய்ந்திருந்தன. சிலிண்டர்களின் மேல்விளிம்பில் நகம் தடுக்கும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. அடித்தொட்டியில் தேங்கியிருந்த ஒயில் அடியில் கறுத்த களியாகவும் மேலே நீர்போலவும் பிரிந்திருந்தது. இந்த நிலையில் பற்றறியைப் பூட்டி எஞ்சினைச் சுழற்றியிருந்தால், அந்தக் களி உறிஞ்சப்பட்டு ஒயில் துளைகளை அடைத்திருக்கும். தேய்ந்த கிராங்கை மெருகூட்டிக் காப்பாற்றும் வாய்ப்பும் போயிருக்கும்.

போரோடு தொடர்பற்ற ஒரு பழுதும் இருந்தது. குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடாக வருவது. கேத்தில்களின் அடியில் வெள்ளைப் படிவை ஏற்படுத்தும் அதே நீரை ஏறத்தாழ நாற்பது வருடங்களாக ஊற்றிவந்ததில், சிலிண்டர் கட்டையின் பின்பகுதி நீர்வழி ஏறத்தாழக் கல்லாகியிருந்தது. பக்கத்து அடைப்புத் தகடுகளைத் தட்டியெடுத்து, கம்பியால் குத்தி உடைத்து, சிற்றிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, மறுபடி குத்தி எடுத்த துண்டுகளில் சில பெருவிரல் நகத்தளவு பெரியவை. உடைத்துப் பார்த்தால் அவற்றில் படைபடையாகக் கோடுகள் தெரிந்தன. பின் சிலிண்டர் அதிகம் தேய்ந்திருந்ததற்கு இந்த அடைப்பும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். இப்போது மழைநீரோடு குளிரூட்டித் திரவம் கலந்து ஊற்றப்படுகிறது. இங்கே பழைய கார் வைத்திருப்பவர்கள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிலிண்டர்கள் 20 ஆயிரத்திலொரு அங்குலம் குடையப்பட்டு, கிராங் அதே அளவு கடையப்பட்டு, அளவுக்கேற்ற பிஸ்ரன்களும் பெயாரிங் ஓடுகளும் பொருத்தப்பட்டன. இதே எஞ்சின் குடும்பம் மினி, ஒஸ்ரின் ஏ35, ஏ40 ஆகியவற்றிலும் இருந்ததால் பாகங்கள் தேடுவது கடினமாக இருக்கவில்லை. வெடிப்பு உண்டா என்று சாயமிட்டுச் சோதித்தபின் ஹெட் மட்டப்படுத்தப்பட்டது. வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நிறுத்தப்பட்டதையும், இந்தக் கார் அதற்கு முன்னரே நின்றுவிட்டதையும் கருத்திற்கொண்டு, புகை வால்வுகளுக்குக் கடின உருக்கு இருக்கைகள் பதிக்கப்பட்டன. ஒரே ஒரு கஸ்கற் வைத்து மூடப்பட்டது. முதன்முறை எஞ்சினைச் சுழற்றியது பிளக்குகள் இல்லாமல், ஒயில் அழுத்தம் தெரியும்வரை. சூடான பின் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தலும், ஓய்வில் 15 இறாத்தலுக்குச் சற்று மேலும் அழுத்தம் நின்றது. தொழிற்சாலைக் கைநூல் கேட்பதும் அதையே.

பிரேக்கும் முன்சில்லுகளும்

பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்ரர் சிலிண்டர் மைனரில் ஓட்டுனரின் காலடியில், அடிச்சட்டத்தின் உள்ளே ஒளிந்திருக்கிறது. அதன் ஆணிகளை வெளியே இழுக்கும் பாதையில் ரோர்ஷன் பார் குறுக்கே நிற்பதால், பாரைத் தளர்த்தி இறக்காமல் சிலிண்டரைக் கழற்ற முடியாது. 1996இல் பிரேக் இறங்கியபோது கார் நிறுத்தப்பட்டதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பாகமும் இல்லை, இறக்கி ஏற்ற இடமும் இல்லை. குறுக்குச் சட்ட வேலைக்காகப் பார் எப்படியும் இறக்கப்பட்டிருந்ததால், எமக்கு அது மேலதிக வேலையாக இருக்கவில்லை. திரும்பப் பூட்டும்போது ஆணிகளை எதிர்த்திசையில் செலுத்தியிருக்கிறோம். அடுத்த முறை பாரைத் தொடத் தேவையில்லை. சில்லுச் சிலிண்டர்கள், இறப்பர்க் குழாய்கள், உலோகக் குழாய்கள் அனைத்தும் புதியவை. பிரேக்கில் பழையதை மீட்டுப் பயன்படுத்துவதை நான் ஆதரிப்பதில்லை.

முன்சில்லுகளைத் தாங்கும் கிங் பின்கள் மேலும் கீழும் புரியிட்ட கட்டைகளுக்குள் திருகி நிற்கின்றன. கிறீஸ் வற்றினால் புரி தேயும்; புரி தேய்ந்தால் ஒருநாள் திரும்பும்போது கட்டை கழன்று சில்லு உள்நோக்கி மடிந்து கார் ரோட்டில் அமர்ந்துவிடும். மைனரின் மிகவும் அறியப்பட்ட பலவீனம் இது. வலக் கீழ்க்கட்டையைக் கையால் ஆட்டியபோதே அசைவு தெரிந்தது, இருபக்கமும் மாற்றப்பட்டன. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, அதாவது 1600 கிலோமீற்றருக்கு ஒருமுறை, கிறீஸ் ஏற்றவேண்டும் என்ற கைநூலின் அறிவுறுத்தலைத் தகட்டில் எழுதிப் பொனற்றின் உள்ளே பொருத்தியிருக்கிறோம்.

மின்சாரமும் வர்ணமும்

துணி சுற்றிய பழைய வயர்கள் தொட்டதும் உதிர்ந்தன. புதிய கட்டு போடப்பட்டது. பற்றறியின் நேர்முனை உடலோடு இணைந்த அமைப்பை மாற்றவில்லை. டைனமோவும் எஸ்யூ மின்பம்பும் அதிலேயே இயங்குகின்றன. 1961 வரையான மைனர்களில் மினுங்கும் விளக்குக்குப் பதிலாக நடுத்தூணிலிருந்து எழும் கைகாட்டிகள் இருந்தன. இடப்பக்கக் கைகாட்டி சுத்தம் செய்து ஒரு துளி எண்ணெய் விட்டதும் எழுந்தது. வலப்பக்கத்துக்குச் சுருளை மறுபடி சுற்றவேண்டியிருந்தது. இன்றைய போக்குவரத்தில் அவற்றை மட்டும் நம்புவது ஆபத்து என்பதால், பம்பரின் கீழ் சிறிய மினுக்கு விளக்குகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இதைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பருத்தித்துறை வீதியில் பேருந்துக்கு முன்னால் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தவர்கள் சொல்லமாட்டார்கள்.

வர்ணத்தில் ஒரு முடிவை வலியுறுத்திச் சொல்லவேண்டும். இரு கூறுகளைக் கலந்து பூசும் நவீன வர்ணங்களின் கெட்டியாக்கியில் ஐசோசயனேற் உண்டு. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்மூலம் தரும் முகமூடி இல்லாமல் அதை விசிறுவது நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு விளைவிக்கும். சாதாரண முகமூடி போதாது. பக்கத்தில் குடும்பம் வாழும் வீட்டுக் கொட்டிலில் அதற்கு இடமேயில்லை. ஆகவே பளபளப்புக் குறைந்தாலும் செலுலோஸ் வர்ணமே பூசப்பட்டது. காரின் காலத்துக்கும் அதுவே பொருந்தும். அதற்கும் காற்றோட்டமும் தீயிலிருந்து விலகலும் தேவை.

எஞ்சியவை

கார் இப்போது தகுதிச் சோதனைகளைக் கடந்து ஓடுகிறது. முதல் கியரில் பழைய தேய்மானத்தின் உறுமல் இருக்கிறது. கியர்ப்பெட்டி திறக்கப்படவில்லை, ஒயில் மட்டும் மாற்றப்பட்டது. வலது முன்சிறகின் கீழ்விளிம்பு தற்காலிகமாக ஒட்டுப்போட்ட நிலையில் உள்ளது. கதவு மட்டைகளுக்குக் கறையான் தொடாத மெல்லிய பிளாஸ்ரிக் தகட்டை வெட்டி, மேலே றெக்சின் ஒட்டியிருக்கிறோம்.

மண்ணெண்ணெய்க் காலத்து மாற்றங்களை என்ன செய்வது என்பதில் உரிமையாளரோடு நீண்ட உரையாடல் நடந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்கே கொண்டுபோகவேண்டும் என்பது மீளமைப்பில் ஒரு மரபு. இங்கிலாந்தில் நின்ற மைனருக்கு அது பொருந்தும். இந்தக் காரின் தீச்சுவரில், பெற்றோல் துளிகளுக்காக வைத்த சிறிய போத்தலின் தகரப் பிடியும், அதிலிருந்து காபரேற்றர் வாய்க்குப் போன சேலைன் குழாயின் ஒரு துண்டும், அதைத் திறந்து மூடும் சிறு உருளையும் அப்படியே இருந்தன. அமுக்கம், தீப்பொறி நேரம், ஜெட் ஆகிய எஞ்சினைப் பாதிக்கும் மாற்றங்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. பிடியும் குழாயும் உருளையும் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டு, புதிய வர்ணத்தின்மேல் அதே ஆணித்துளைகளில், எரிபொருள் வழியோடு தொடர்பின்றி, மறுபடி பொருத்தப்பட்டன. குழாய் வெயிலில் இறுகி மஞ்சளாகியிருப்பதால், சூடான புகைக்குழாயிலிருந்து அதை விலக்கிப் பிடிக்க ஒரு கூடுதல் கவ்வி தேவைப்பட்டது. இரண்டு கஸ்கற்களையும் உரிமையாளர் கேட்டு வாங்கிவைத்திருக்கிறார். அடுத்து வரும் மழைக்காலத்தில் கியர்ப்பெட்டி இறக்கப்படும். முன்சிறகுக்கு வாய்ப்பான தகடு கிடைத்தால் அது அதற்கு அடுத்த வெயிலில்.